லாயர் பரஞ்சோதியின் தகரப் பெட்டி: லாபு தோட்டத்தில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை மறுபடியும் அழித்துக்கொண்டிருந்தேன். சிரம்பானுக்குப் பக்கத்து மம்பாவிலிருந்து சிந்தனைச்செல்வி டீச்சர் அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. அவர் யாரையும் விசாரிப்பதில்லை.

"நித்யா, எங்கப்பா பேப்பருங்கள மாரியம்மனுக்குக் கீழ வெச்சி சிமெண்டு பூசப் போறாங்களாம். நீ போய் எடுத்துட்டு வா."

பயணத்துக்கான காரணம் இவ்வளவுதான்.

பழைய காகிதங்களைத் தேடித் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் இந்த வலைப்பக்கத்துக்கு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வழி, செலவு, நேரம் கேட்டு எழுதுகிறீர்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மனிதர். லாயர் பரஞ்சோதி. சிரம்பானில் வழக்கறிஞராக இருந்தவர். இந்த வட்டாரத்துத் தோட்டப் பாட்டாளிகளிடம் தமிழில் சமதர்மம் பேசிய முதல் ஆட்களில் ஒருவர். தோட்டத்து வழக்குகளுக்குக் கட்டணம் வாங்கியதில்லை. கடவுள் இல்லை என்றவர். திருவிழாவை நிறுத்தி இரவுப் பள்ளி நடத்துங்கள் என்று கோயில் வாசலில் நின்று பேசியவர். பேசிய இடத்திலேயே அடியும் வாங்கியவர். அடித்தவர்களில் இரண்டு பேருக்காகப் பிறகு கோர்ட்டில் வாதாடினார் என்பார்கள். அவர் போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆய்வேட்டுக்காக என்னிடம் இருந்தவை இரண்டு பத்திரிகைத் துணுக்குகளும் மங்கிப்போன ஒரு கூட்டப் புகைப்படமும். அவர் எழுதிய மற்றதெல்லாம் ஒரு தகரப் பெட்டியில். பெட்டி, லாபு பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில்.

கடவுள் மறுப்பாளரின் காகிதங்கள் கோயிலுக்கு எப்படிப் போயின? வெள்ளைக்காரர் ஆட்சியில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலத்தில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. கோயிலுக்குள் போலீஸ் கை வைக்காது என்று பெட்டி அங்கே போனது. இதுவரை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். யார் கொண்டுபோனது என்பதில்தான் தகராறு. லாயரே தலையில் சுமந்து வந்தார் என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். அப்பா கோயில் படி மிதித்தவரில்லை, யாரோ கேட்காமல் தூக்கிப் போய்விட்டார்கள் என்கிறார் டீச்சர். டீச்சர் அவருடைய மூத்த மகள். எழுபத்தைந்து வயது. வருடக்கணக்காகப் பெட்டியைக் கேட்டுக் கடிதம் எழுதி வருகிறார். பெட்டி இருக்கும் இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று வருடக்கணக்காகப் பதில் வருகிறது.

இப்போது தோட்டம் விற்றாகிவிட்டது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் காலி. கோயில் மட்டும் நான்கு கிலோமீட்டர் தள்ளி, அடுக்குமாடி வீடுகளுக்குப் பக்கத்தில் கிடைத்த நிலத்துக்கு மாறுகிறது. புதுக் கோயிலில் அம்மனின் பீடத்துக்கு அடியில், யந்திரமும் நவரத்தினமும் வைக்கிற குழியில், லாயரின் பெட்டியையும் வைத்து மூடுவதாக முடிவாம்.

சனிக்கிழமை காலை கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலில் எட்டு மணி கொமுட்டர் ரயில். சிரம்பான் வரை எட்டு வெள்ளி (ரிங்கிட்) எழுபது காசு, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். குளிரூட்டி எலும்புவரை போகும், சட்டைக்கு மேல் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். சிரம்பானிலிருந்து மம்பாவுக்கு வாடகைக் கார் ஒன்பது வெள்ளி.

டீச்சரின் வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம். அவர் அப்பாவின் படம். மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கு இல்லை. மேசையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருந்தது. பெட்டியை இந்தப் பெண்ணிடம் ஒப்படைக்கவும். கீழே கையெழுத்து.

"நீங்களும் வந்தா சுலபமா முடிஞ்சிரும் டீச்சர்."

"கோயிலுக்கா?"

"வாசல் வரைக்கும்."

"கோயில்ல நடந்த சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே நான் உள்ள போகல. ரோட்டுல நின்னு வாழ்த்திட்டு வந்தேன். இப்ப போனா அவ என்னா சொல்லுவா?"

தங்கை இறந்து ஆறு வருடமாகிறது. மைலோவைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மம்பாவிலிருந்து தோட்டம் இருபத்தொரு கிலோமீட்டர். இருபத்தேழு வெள்ளி. ஓர் எச்சரிக்கை: அந்தத் தோட்டத்துக்கு மூன்று பெயர். கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நிலத்தை வாங்கியவர்கள் வைத்த பெயர் ஒன்று, ஆறாவது மைல் என்ற பொருளில் அங்கே இருந்தவர்கள் சொல்லும் ஆறாங்கட்டை ஒன்று. கைப்பேசி வரைபடத்துக்கு நடுவில் உள்ளது மட்டும்தான் தெரியும். ஆகவே கார் என்னை வீடு விற்கும் காட்சிக்கூடத்தில் இறக்கியது. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஒரு பொம்மை நகரம். பச்சைப் பஞ்சில் மரங்கள். தண்ணீர் போத்தல் இலவசம். மூன்று அறை வேண்டுமா நான்கா என்று ஒரு பெண் அன்பாகக் கேட்டாள். மாரியம்மன் கோயில் எங்கே என்று நான் கேட்டேன். பொம்மை நகரத்தில் அவள் விரல் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு நீச்சல் குளத்தின் மேல் நின்றது.

ஓட்டுநர் மலாய்க்கார இளைஞர். நல்லவர், காத்திருந்தார். செம்மண் பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினார். நேற்றுதான் கார் கழுவினேன் அக்கா, இதற்குமேல் முடியாது என்று மலாயில் சொல்லிவிட்டு, வெட்கத்தோடு சிரித்தார். ஒன்றரை கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் செம்பனை. வெயில் தலையில், சேறு காலில். ஒரே நேரத்தில் இரண்டும் எப்படிச் சாத்தியம் என்று கேட்காதீர்கள்.

லயங்களில் கதவுகள் இல்லை. சன்னல்கள் இல்லை. கழற்றி விற்றிருக்கிறார்கள். ஒரே ஒரு வீட்டு வாசலில் துணி காய்ந்தது. அதற்கப்பால் கோயில். அத்தனை காலியான இடத்தில் அந்த நீலமும் மஞ்சளும் சிவப்பும் கண்ணை உறுத்தின.

கோயில் தலைவர் ராஜு அங்கிள் லோரி வைத்திருப்பவர். அறுபதை நெருங்கும் வயது. வேட்டிக்கு மேல் பந்து விளையாட்டுச் சட்டை. குத்துவிளக்குகளைப் பழக் கூடைகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர் வரலியா?"

"அவங்க வரமாட்டாங்க அங்கிள். லெட்டர் குடுத்திருக்காங்க."

வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"நல்லாத்தான் டைப் அடிச்சிருக்காங்க. கடுதாசிக்கு மால போட முடியுமாம்மா?"

"மாலையெல்லாம் எதுக்கு? பெட்டிய மட்டும்..."

"அதெப்படி லா. அம்மன்கிட்ட இருந்து ஒரு சாமான் வெளிய போவுதுன்னா, சொந்தக்காரங்க உள்ள வந்து வாங்கணும். தட்டு வெச்சி, மால போட்டு, துண்டு போட்டு, ஒரு மரியாதையா குடுக்கணும். நானா தூக்கிட்டுப் போய் ஒன் கையில திணிச்சா, தூக்கி எறிஞ்ச மாதிரி ஆயிராது?"

"சிமெண்டு போட்டு மூடுறது எறியறது இல்லையா?"

அவர் முகம் மாறியது. கோபம் இல்லை. நான் ஏதோ அடிப்படையான ஒன்றைப் புரிந்துகொள்ளாத பிள்ளை என்கிற பார்வை.

"எங்கப்பாவ வேலைய விட்டுத் தூக்குனப்ப இந்த மனுசன்தான் கோர்ட்டுல நின்னாரு. நான் அப்ப பொறக்கவே இல்ல. அவருக்கு நாங்க வேற என்னாம்மா செய்ய முடியும்? செல வெக்க காசு இல்ல. ரோட்டுக்குப் பேரு வெக்க நாங்க என்னா எம்.பி., ஒய்.பி.யா? அம்மனுக்கே கீழ எடம் குடுக்குறோம். கரையான் வராது, மழ வராது, எவனும் திருட முடியாது. அதவிட ஒசந்த எடம் இருக்கா?"

"யாரும் படிக்க முடியாதே அங்கிள்."

"அவரு செஞ்சதுதான் எங்களுக்குத் தெரியுமே."

இதற்கு என்ன பதில் சொல்வது? நான்கு வருடம் ஆவணவியல் படித்திருக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை.

பெட்டியைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். கருவறைக்குப் பக்கத்து அறையில் ஒரு பலகை, அதன் மேல் மஞ்சள் துணி சுற்றிய பெட்டி, முன்னால் ஒரு சின்ன விளக்கு. திறந்ததும் கற்பூரமும் சந்தனமும் மூக்கில் ஏறின. வேப்பிலைச் சருகுகள். அவற்றுக்குக் கீழே காகிதம். வழக்குக் குறிப்புகள், கூட்ட அழைப்புகள், பென்சிலில் எழுதிய பேச்சுகள். நன்றாக இருந்தன. என்னை எரிச்சல்படுத்தும் அளவுக்கு நன்றாக இருந்தன. எங்கள் நூலகத்தின் குளிரூட்டிய அறையில்கூட இப்படி இல்லை.

ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தேன். பலவற்றின் தலையில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

"சரஸ்வதி பூசைக்கு வெக்கிறது," என்றார். "எல்லாத்துக்கும் வெக்க முடியாதில்ல? வருசத்துக்கு ஒரு தாள மேல எடுத்து வெப்போம். அதுக்கு மட்டும். அடுத்த வருசம் வேற தாளு."

"அப்ப படிச்சிருப்பீங்களே?"

"பூசையில வெச்சத எடுத்துப் படிக்கறதா? நல்லாருக்கே."

இந்த வருடம் மேலே இருந்த தாளைப் பார்த்தேன். சமதர்மம் பேசியவரின் சாய்ந்த எழுத்து. தலைப்பு: கூலி உயர்வுக்காக அம்மனுக்கு நேர்ந்துகொள்வது பற்றி. தலைப்பின் மேலேயே பொட்டு. சிரிப்பதா என்று தெரியவில்லை. படம் எடுக்கக் கூடாது என்றார். பெட்டியை மூடினார்.

"நாளைக்கு மத்தியானம் எல்லாச் சாமானும் லோரில ஏறிரும். வெள்ளிக்கெழம பீடத்துல கான்கிரீட்டு. அதுக்கு முன்னால டீச்சர் வந்தா குடுத்துர்றேன். எனக்கென்னா ஆசையா?"

திரும்பும் வழிக்கு வாடகைக் கார் கிடைக்காது. இதைத் தடித்த எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். செயலியில் வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. மழையும் பிடித்துக்கொண்டது. கடைசியில் ராஜு அங்கிளின் லோரியில், மூன்று குத்துவிளக்குக் கூடைகளோடு, லாபு நிலையத்துக்கு வந்தேன். வழியெல்லாம் அவர் டீச்சரைப் பற்றியே கேட்டார். இன்னும் கார் ஓட்டுறாங்களா? தனியாவா இருக்காங்க? சத்தம் போட்டுப் பேசுவாங்களா? அவங்கப்பா பேசினா ரெண்டு லயத்துக்குக் கேட்குமாம்.

அங்கிருந்து சிரம்பான் வழியாக மம்பாவுக்குத் திரும்பினேன். நான் சொன்னதையெல்லாம் டீச்சர் கேட்டார். பொட்டு வைத்த கதையில் கண்ணை மூடிக்கொண்டார்.

"தலைப்பு மேலயா?"

"தலைப்பு மேலயே."

"நான் உள்ள போகமாட்டேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை சிமெண்டு."

"வேலிக்கு வெளிய கார நிறுத்தறேன். அவ்வளவுதான். நீ வாங்கிட்டு வா."

அன்றிரவு அவர் வீட்டு நாற்காலியில் தூங்கினேன், தூங்கியதாகப் பெயர். எனக்கு எந்தப் பக்கமும் இல்லை. ஆய்வேடு முடிய வேண்டும் என்று அம்மா பத்துமலை முருகனுக்கு அர்ச்சனை செய்தார். திருநீறு இன்னும் என் பையில் கிடக்கிறது. பூசியதில்லை, எறிந்ததும் இல்லை. நம்பிக்கையும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல் நடுவில் நிற்பது நாகரிகம் என்று நினைத்திருந்தேன். நடுவில் நிற்பவருக்கு வேறொரு வேலையும் உண்டு. இரண்டு பக்கத்துச் செய்தியையும் சுமந்து நடப்பது.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். டீச்சரின் பழைய கார் சேற்றைப் பொருட்படுத்தவில்லை, டீச்சரும். வேலிக்கு வெளியே நிறுத்தினார். சன்னலை ஏற்றினார். எஞ்சினை அணைக்கவில்லை.

கோயிலில் பாதிக் கூரையைக் காணோம். தகரத் தகடுகளை ஆட்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ராஜு அங்கிள் கையில் ஒரு ரோஜா மாலையோடு வாசலில் நின்றார். காரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். காரிலிருந்து யாரும் இறங்காததைப் பார்த்து மாலையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எறங்கச் சொல்லும்மா."

போனேன். மாட்டேன் என்றார். வந்தேன்.

"சரி, படிக்கட்டு வரைக்கும்."

போனேன். வந்தேன். வாசலுக்கும் காருக்கும் முப்பது மீட்டர்கூட இருக்காது. என் காலணியில் அந்த முப்பது மீட்டரின் சேறு முழுவதும் ஏறிவிட்டது.

மூன்றாவது முறை அவரே வேலி வரைக்கும் வந்தார். கண்ணாடியைத் தட்டினார். டீச்சர் நான்கு விரல் அகலம் இறக்கினார்.

"டீச்சர், வணக்கம். இந்தப் பொண்ணு ஒங்களுக்கு என்னா வேணும்? தம்பி மகளா? சும்மா சொந்தம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் இதுகிட்டயே மரியாத பண்ணி குடுத்துர்றேன். எல்லாருக்கும் வேலை முடிஞ்சிரும்."

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"சொந்தமெல்லாம் இல்ல. படிக்கிற பொண்ணு," என்றார் டீச்சர். கண்ணாடி ஏறியது.

ராஜு அங்கிள் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் முதல் தடவையாக இரக்கம். திரும்பி நடந்தோம். அப்போதுதான் எனக்கு அந்தக் கூரை உறைத்தது.

"அங்கிள், அம்மன் உள்ள இருக்கும்போதே கூரையப் பிரிக்கலாமா?"

"ச்சே, யாராவது அப்படிச் செய்வாங்களா? விடியகாலையிலயே பூசாரி வந்து அம்மனக் கும்பத்துல எறக்கிட்டாரு. புது எடத்துக் கொட்டகைக்குக் கொண்டு போயாச்சி."

"அப்ப இது?"

"இதுவா? இப்ப இது வெறும் கட்டடம். நாளைக்கு மண்ணு வாரி எந்திரம் வந்து இடிச்சிரும்."

"அப்ப டீச்சர் உள்ள வந்தா கோயிலுக்குள்ள வந்ததா ஆகாது."

யோசித்தார். ஆட்களில் ஒருவரைப் பார்த்தார். அவரும் தகட்டைத் தாங்கியபடியே யோசித்தார்.

"ஆகாதுதான்," என்றார் ராஜு அங்கிள். "வரச் சொல்லு. கை மாறுனா எனக்குப் போதும்."

காருக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மன் கும்பத்தில் போயாச்சு. இது இப்போது வெறும் கட்டடம். தலைவரே சொல்லிவிட்டார்.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில்:

"நேத்து வரைக்கும் என்னவா இருந்திச்சாம்?"

"கோயிலா."

"இப்ப நான் உள்ள போனா, நேத்து வரைக்கும் அங்க யாரோ இருந்தாங்கன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவங்க கெளம்பிப் போனதுனால நான் வர்றேன்னு ஆயிடும். எனக்கு அது என்னைக்குமே வெறும் கட்டடந்தான், நித்யா."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அதுதான் கொடுமை.

அதையும் கொண்டுபோய்ச் சொன்னேன். ராஜு அங்கிள் மாலையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "லாயர் மகதான், சந்தேகமில்ல," என்றார். குரலில் ஏதோ பெருமை. "ஆனா எனக்கு லோரி நிக்குது."

பெட்டியை இரண்டு பேர் அறையிலிருந்து வெளியே எடுத்து, லோரியில் ஏற்ற வசதியாகக் கூடைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கோயில் சுவருக்குள்தான். லோரியின் பின்கதவு கீழே இறங்கியது. முதலில் கூடைகள். பிறகு அம்மனின் மர வாகனம். அடுத்தது பெட்டி.

எனக்குக் கோபம் வந்தது. சத்தம் போடவில்லை. காரின் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன்.

"ஒரு கேள்வி, டீச்சர். என்னைக்குமே வெறும் கட்டடம்னா, இத்தன வருசமா அதுக்குள்ள போகவிடாம ஒங்கள யாரு தடுத்தா?"

நான் விடவில்லை.

"தங்கச்சி கல்யாணத்தப்ப ரோட்டுல நின்னீங்களே. வெறும் கட்டடத்துக்குப் பயந்தா?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்னவுடனே தெரிந்தது. டீச்சர் முன்னால் பார்த்தபடி இருந்தார். லோரியில் வாகனத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது முடிச்சு. மூன்றாவது.

டீச்சர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது.

வேலியைத் தாண்டும்போது மெதுவாக நடந்தார். படிக்கட்டில் ஒரு கணம் நின்றார். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் செருப்பைக் கழற்றப் போகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, ராஜு அங்கிள் பதறிப்போய்ச் சொன்னார்:

"செருப்பக் கழட்டாதீங்க டீச்சர். ஆணியா கெடக்குது."

"கழட்டறதா நான் சொன்னேனா?"

உள்ளே வந்தார். மேலே கூரைக்குப் பதில் வானம். கருவறையில் ஒரு சதுரக் குழி, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. டீச்சர் அதையும் எட்டிப் பார்த்தார்.

ராஜு அங்கிள் மாலையை விரித்தார். டீச்சர் கையைக் காட்டித் தடுத்தார்.

"மால வேணாம்."

"அப்ப லாயருக்குப் போடுறேன்." பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"அவருக்கும் வேணாம். உயிரோட இருக்கும்போதே போட விட்டதில்ல."

மாலை நடுவில் தொங்கியது. அடுத்த முப்பது மீட்டர் நடை தொடங்குகிறது என்று என் கால்களுக்குத் தோன்றியது. ராஜு அங்கிள் சுற்றிலும் பார்த்தார். நேராகப் போய் லோரியின் பக்கக் கண்ணாடியில் மாலையை மாட்டினார். திரும்பி வந்தார். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினார். டீச்சர் இரண்டு கையாலும் வாங்கினார். கனம். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார், பெட்டி மடியில்.

முடிந்தது என்று நினைத்தேன். மணி பதினொன்றரை. பன்னிரண்டு ஐம்பது ரயிலைப் பிடித்துவிடலாம்.

"டீச்சர்," என்றார் ராஜு அங்கிள். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு இரண்டு படி கீழே உட்கார்ந்தார். "அதுல என்னாதான் எழுதியிருக்காரு?"

டீச்சர் மஞ்சள் துணியைப் பிரித்தார். வேப்பிலையை ஒதுக்கினார். மேல் தாளை எடுத்தார். பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நகத்தால் சுரண்டுவார் என்று நினைத்தேன். சுரண்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"நாம் அம்மனிடம் கூலி உயர்வு கேட்கிறோம். அம்மன் துரையின் மனத்தில் புகுந்து அதைச் சொல்ல வேண்டும். இடையில் ஓர் ஆள் குறைந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். நாமே துரையிடம் கேட்போம்."

தகடு இறக்கியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ராஜு அங்கிள் சிரிக்கவில்லை.

"அதெப்படி? தொரகிட்ட கேட்டா வேலைய விட்டுத் தூக்கிருவான். அம்மன்கிட்ட கேட்டா தூக்கமாட்டாளே."

"அதுக்குத்தான் சங்கம்."

"சங்கத்துல சந்தா கேப்பான்."

"கோயில்ல கேக்கலியா?"

"கோயில்ல சோறு போடுறோம் டீச்சர்."

டீச்சர் அடுத்த வரிக்குப் போனார். ஒரு பக்கம் முடிந்தது. ராஜு அங்கிள் முழங்காலைத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த எடத்த மறுபடி படிங்க," என்றார். எந்த இடம் என்று டீச்சர் கேட்கவில்லை. தெரிந்திருக்க வேண்டும். மறுபடி படித்தார். மறுபடி சண்டை. லோரி நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக நிழலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு ஐம்பது ரயில் லாபு நிலையத்தில் நான் இல்லாமல் கிளம்பியது. அதற்கடுத்த ரயிலும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மம்பாவிலிருந்து போவதைவிட லாபு நிலையத்தில் இறங்கிப் போவது மலிவு. ஆனால் திரும்பி வருவதற்கு வண்டியை முன்பே பேசிவையுங்கள், இல்லாவிட்டால் லோரிதான். பழைய காலணி போதும். தோட்டத்தின் பெயரை வரைபடத்தில் தேடாதீர்கள், ஆறாங்கட்டை என்று கேளுங்கள், வயதானவர்களிடம் கேளுங்கள். சீக்கிரம் போங்கள். நான் போன கோயில் இப்போது இல்லை. அடுத்து எந்தத் தோட்டத்தில் எந்தப் பெட்டி எந்தப் பீடத்துக்குக் கீழே போகப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. முக்கியமாக, யாருடைய கடிதத்தையும் சுமந்து போகாதீர்கள். ஆளையே கூட்டிப் போங்கள். ஆள் வர மறுத்தால் மறுபடி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டுப் பலன் இல்லையென்றால், நான் கேட்டது போலக் கேளுங்கள். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். நான் கேட்டேன். "எதுக்கு?" என்றார் டீச்சர். மேலே பேசவிடவில்லை.

பெட்டி பீடத்துக்குக் கீழே போகவில்லை. எங்கள் நூலகத்துக்கும் போகவில்லை. நூலகத்திலிருந்து எனக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் வருகிறது. நான் டீச்சருக்கு அனுப்புகிறேன். முழுதாகப் படித்து முடித்த பிறகுதான் தருவாராம். இன்னொரு ஆளும் முடிக்க வேண்டியிருக்கிறதாம். பாதிப் பெட்டிகூட ஆகவில்லை. இரண்டாம் அத்தியாயம் அப்படியே கிடக்கிறது.

போன ஞாயிறு பிற்பகல், இந்தத் தடவை விடக் கூடாது என்று மம்பாவுக்குப் போனேன். வீட்டுக்கு வெளியே லோரி நின்றது. கதவைத் திறந்தது ராஜு அங்கிள்.

"செருப்ப அங்க விட்டுட்டு உக்காரும்மா," என்றார். "பேசாத. நடுவுல இருக்கோம்."